பதினேழாம் எண் வீடும் பினாங்குக்குப் போன புளியும்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "உங்க காலத்துல வெளிநாட்டு டிபார்ட்மெண்ட்டோட எப்படி சார் தொடர்பு வெச்சிருந்தீங்க? இமெயில் கிடையாது, ஒண்ணும் கிடையாதே." நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். உண்மையான பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது. நாங்கள் பினாங்கோடு தொடர்பு வைத்துக்கொண்டது மந்தைவெளியில் கால்வாய் ஓரம் குடியிருந்த ஒரு பெண்மணியின் வழியாக. அவர் இடுப்பில் செருகிக்கொண்டு வந்த ஒரு நீல நிற விமானத் தபால்தான் எங்கள் சர்வதேச ஒத்துழைப்பு. கேட்டவருக்கும் மற்றவர்களுக்கும் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எழுபதுகளில் எங்கள் பிரிவு கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. கடத்தலைத் தடுப்பது வேலை, முக்கியமாக அபின் கடத்தலை. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ரகசிய அலுவலகமாம். எதிரே இஸ்திரி போடுபவரிலிருந்து தபால்காரர் வரைக்கும் எல்லாருக்கும் நாங்கள் யார் என்று தெரியும். தெரியாதது போல இருந்துவிடும் நல்ல மனசு அவர்களுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தால் அது வரும் பாதையைச் சொல்கிறேன். பினாங்கில் ஓர் அதிகாரி எழுதுவார். அது அவர்கள் தலைநகருக்குப் போகும். அங்கிருந்து தூதரகம், பிறகு டெல்லி, டெல்லியில் இரண்டு அமைச்சகம், பிறகு சென்னை, கடைசியில் என் மேஜை. பதிலும் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். நேரடியாக எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அபின் கப்பலேறினால் ஒரு வாரத்தில் பினாங்கு போய்விடும். அதைப் பற்றிய கடிதம் போய்ச்சேரச் சில மாதங்கள் ஆகும். கடத்துகிறவன் எங்களைப் பார்த்துச் சிரித்திருந்தால் அதில் தப்பே இல்லை.

அப்படி ஊர் சுற்றி ஒரு நாள் ஒரு கேள்வி வந்தது. பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்த ஏழுமலை என்பவர், துறைமுகக் கிடங்கில் ஒரு புளிப் பெட்டியை எடுக்க வந்தபோது பிடிபட்டிருக்கிறார். புளி உருண்டைகளுக்குள் அபின். அவர் சொன்னது இது: பெட்டி தன் முதலாளியுடையது. தன் பேரில் வரும், எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடுவதோடு சரி. அனுப்புகிறவர் மயிலாப்பூரில் பதினேழாம் எண் வீட்டில் இருக்கும் புளி வியாபாரி. அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தன்னை இந்த வேலைக்கு அனுப்பிவைத்ததே அவர்தான். கடை முதலாளியோ, தனக்கு ஒன்றும் தெரியாது, இவன் தனியாக ஏதோ வியாபாரம் பண்ணியிருக்கிறான் என்று கைவிரித்துவிட்டார். அங்கே போதைச் சட்டம் இறுகிக்கொண்டிருந்த நேரம். பினாங்கு அதிகாரி எங்களைக் கேட்டது ஒரே கேள்விதான்: அந்தத் தெருவில், அந்த எண்ணில், அப்படி ஒரு புளி வியாபாரி இருக்கிறாரா?

இந்தக் காகிதம் என் கைக்கு வந்த அன்று எனக்கு மனசெல்லாம் தி.நகரில் இருந்தது. ஒரு கடையின் பின்கட்டில் வெளிநாட்டுக் கைக்கடிகாரங்கள் வந்து இறங்கியிருப்பதாகத் துப்பு. மதியம் சோதனைக்குப் போக வேண்டும். பிடித்தால் பாராட்டு, மேலதிகாரிகள் கண்ணில் படலாம். பினாங்குக் கடிதத்துக்குப் பதில் எழுதி எவன் பேர் வாங்கினான்? சோதனைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று மயிலாப்பூரில் போய் இறங்கினேன்.

குளத்துக்குப் பின்பக்கம் ஒரு தெரு. பதினேழாம் எண் ஓட்டு வீடு. அப்பளம் இட்டு விற்கும் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். புளி வியாபாரியா, இங்கே அப்படி யாரும் இல்லையே என்றார். வெயிலுக்கு மோர் கொடுத்தார். நன்றாக இருந்தது, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். நான் கோபாலபுரம் ஆபீஸ், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். மறுநாள் காலை அறிக்கை எழுதினேன்: நேரில் விசாரித்தேன், குறிப்பிட்ட முகவரியில் இருப்பது ஓட்டு வீடு, அப்பளம் தயாரிக்கும் பெண்மணி ஒருவர் மட்டும் வசிக்கிறார், அப்படி ஒரு வியாபாரி இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு மறந்தும் போனேன். தி.நகரில் கடிகாரங்கள் கிடைத்தன. என்னைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். எங்கள் பெயரில்லாத பங்களாவின் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி உள்ளே வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காவலர் தடுப்பதற்குள் வராந்தாவில் நின்ற என் எதிரே வந்துவிட்டார்.

"சார், மைலாப்பூர்ல பதினேழாம் நம்பர் வூட்டுல போயி விசாரிச்ச ஆபீசரு யாரு?"

"நீங்க யாரும்மா? இந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பளக்கார அம்மா சொன்னாங்க, கோபாலபுரம் ஆபீசுன்னு. இஸ்திரிக்காரு கேட்டக் காமிச்சாரு. நான் கன்னியம்மா. ஏயுமலை பொஞ்சாதி. பினாங்குல ஜெயில்ல கீறாரே, அவரு."

இடுப்பிலிருந்து நான்காக மடித்த கடிதத்தை எடுத்து நீட்டினார். ஏழுமலை எழுதியது. கோணல் எழுத்து. மெட்ராஸ் ஆபீசில் இருந்து அப்படி ஒரு வியாபாரியே இல்லை என்று எழுதிவிட்டார்களாம், கோர்ட்டில் என்னைப் பொய்யன் என்கிறார்கள், நான் உனக்குப் பொய் சொன்னதில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ஒட்டும் மடிப்பின் உட்புறத்தில், வேறொரு கையெழுத்தில் நான்கு வரி. அழகான, அச்சு போன்ற தமிழ்:

"உங்கள் கணவர் சொல்லும் வீட்டுக்கு வெளிப்பக்கமாக மாடிப்படி. பக்கத்தில் மாவு மில். மெட்ராஸ் அதிகாரி எழுதியிருப்பது ஓட்டு வீடு. அந்த அதிகாரியைத் தேடிப் பிடித்து, மாவு மில்லைப் பார்த்தாரா என்று கேளுங்கள். அடுத்த விசாரணை அடுத்த மாதக் கடைசியில்."

கையெழுத்தோ பெயரோ இல்லை. ஆனால் யார் எழுதியது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. அமைச்சகம் வழியாக மறுபடியும் கேட்டால் பதில் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். அதனால் பினாங்கு அதிகாரி ஒரு கைதியின் வீட்டுக் கடிதத்திலேயே தன் கேள்வியை ஏற்றி அனுப்பிவிட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். ஸ்கூல் டீச்சரு படிச்சி சொன்னாங்க. ஒடனே நானே போயிப் பாத்தேன். அப்பளக்கார அம்மா வூட்டுலேர்ந்து பத்து வூடு தாண்டுனா மில்லு கீது. பக்கத்துலயே மாடிப்படி கீது. புளி வாசனை தெருவுக்கே அட்ச்சிகினு கீது. ஆபீசருக்கு மட்டும் எப்டி சார் தெரியாமப் பூட்ச்சி?"

எனக்கு அந்த நிமிஷமே விஷயம் புரிந்துவிட்டது. அந்தத் தெருவுக்கு மாநகராட்சி புது எண் போட்டிருந்தது. புது எண்ணைத் தபாலாபீஸ் தவிர யாரும் சீந்தவில்லை. கடைக்காரர்கள் பில்லில் பழைய எண்ணே போட்டார்கள். நான் போனது புதுப் பதினேழு. ஏழுமலை சொன்னது பழைய பதினேழு. இதில் கொடுமை என்னவென்றால், நானும் பக்கத்து மந்தைவெளிக்காரன். என் வீட்டுக்கும் இரண்டு எண். எனக்கு வரும் தபால் பக்கத்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தபால்காரரிடம், "பழசா புதுசான்னு பாக்க மாட்டீங்களா?" என்று சண்டை பிடிப்பவன் நான். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியை அப்பளக்கார அம்மாளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தி.நகருக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கன்னியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

"விசாரிச்சது வேற ஒரு அதிகாரிம்மா. அவர் இப்ப இங்க இல்ல. நான் என்னன்னு பார்க்கிறேன்" என்றேன்.

அவர் என் மூக்குக்கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். "சரி சார். நீயாச்சும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே அந்தத் தெருவுக்குப் போனேன். மில்லில் கோதுமை அரைக்கக் காத்திருப்பவன் போல நின்று பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் இருந்தது. நிலைப்படிக்கு மேலே, சுண்ணாம்புக்கு அடியில், பழைய பதினேழு மங்கலாகத் தெரிந்தது. மாடியிலிருந்து ஆட்கள் புளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் மேலதிகாரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மேலுலகத்திலிருந்து மெமோ அனுப்புவார். மயிலாப்பூர்க்காரர், விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர். அவர் அறையில் போய் நின்று, கடிதத்தை மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவரிடம் பொய் சொல்லவில்லை. அறிக்கையில் என் கையெழுத்து இருந்ததே.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "டெல்லி வழியா, கவர்மெண்ட் பேர்ல, இன்னொரு நாட்டுக்குப் போன ரிப்போர்ட்டுய்யா அது. அதைத் தப்புன்னு சொல்லணுமாக்கும்? நாளைக்கு நம்ம எந்த ரிப்போர்ட்டை எவன் நம்புவான்?"

"திருத்தம் எழுதி அனுப்பலாம் சார்."

"அனுப்பு. அது போய்ச்சேரறதுக்குள்ள அவனுக்குத் தீர்ப்பே ஆயிடும். நேரா தந்தி அடிக்கலாம்னு வெச்சுக்கோ. அடிச்சா உனக்கு மெமோ வரும்."

"தெரியும் சார். என் பேர்லயே அடிச்சிடறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணு இங்க வந்து நின்னாளே, என்ன கேட்டா?" என்றார்.

"ஆபீசருக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சுன்னு."

"சரியாத்தான் கேட்டிருக்கா" என்றார். தந்திப் படிவத்தை இழுத்துத் தானே எழுத ஆரம்பித்தார். எங்கள் அறிக்கை தவறு, பழைய பதினேழாம் எண் வீட்டில் புளி வியாபாரி இருக்கிறார், மாவு மில் இருக்கிறது, விசாரணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள், விவரம் தபாலில். கீழே என் பெயரைப் போடவில்லை. தன் பெயரையும் பதவியையும் போட்டார். "உன்னோட மெமோவை எல்லாம் நான்தானே டைப் பண்ணச் சொல்லணும். எனக்கு வந்தா டெல்லியில ஒருத்தன் கஷ்டப்படட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் பதில் தந்தி வந்தது. அவர்களும் அமைச்சகத்தைக் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: அடுத்த பெட்டி எப்போது?

அடுத்த பெட்டி அடுத்த கப்பலுக்கே பதிவாகியிருந்தது. அதே கடைக்கு, இந்தத் தடவை இன்னொரு வேலையாளின் பேரில். சென்னைத் துறைமுகக் கிடங்கில் அதைத் தேடிப் பிடித்துக் குத்தூசியால் ஓர் உருண்டையைக் குத்தி இழுத்தேன். ஊசி நுனியில் புளி வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. ஒரு தடவை முகர்ந்தவனுக்கு மறக்காத வாசனை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் தொழிலில் எல்லாருக்கும் ஓர் அரிப்பு உண்டு. சரக்கு கண்ணில் பட்டால் கை வைத்துவிட வேண்டும். கையில் கிடைத்தால்தான் கேஸ், கேஸ்தான் பேர். மேலதிகாரியும் முதலில் அதையே சொன்னார். "பிடிச்சுடுய்யா. கப்பல்ல ஏத்திட்டு அப்புறம் காணோம்னு சொன்னா, நாமே கடத்தினோம்னு எழுதுவான்."

நான் சொன்னேன்: "இங்க பிடிச்சா வியாபாரி மாட்டுவான் சார். ஆனா அவன் என்ன சொல்லுவான்? ஆர்டர் கொடுத்தது ஏழுமலை, எனக்குப் பினாங்குல வேற யாரையும் தெரியாதும்பான். கடை முதலாளி ஏற்கெனவே அதைத்தான் சொல்லிட்டிருக்கான். ரெண்டு பேருமா சேர்ந்து அந்த ஆளை உள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க. பெட்டி போகணும். ஏழுமலை ஜெயில்ல இருக்கறப்ப அதை யார் கையால பிரிக்கறாங்கன்னு அங்க பார்க்கணும்."

"அங்க இருக்கறவனை நீ பார்த்திருக்கியா? ஒரு தடவை?"

"இல்ல சார். கையெழுத்து பார்த்திருக்கேன்."

அவர் சிரித்தது எனக்கு நினைவில் இருப்பது அந்த ஒரு தடவைதான். பெட்டி கப்பலேறியது. இன்னொரு தந்தி போனது.

அந்த ஒரு வாரம் நான் சோறு தின்றேனா என்று கேட்டால் தெரியாது. கப்பல் நாகப்பட்டினத்தைத் தொட்டுப் போக வேண்டும். யாராவது இடையில் பெட்டியை மாற்றிவிட்டால்? பினாங்கில் கூட்டத்தில் கோட்டை விட்டுவிட்டால்? அபினைத் தெரிந்தே வெளியே அனுப்பினான் என்று என் வேலை போகும், மேலதிகாரியின் ஓய்வூதியம் போகும். அதையெல்லாம்விட, ஏழுமலைக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும். கன்னியம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கேட்டருகே நிற்பார். "எதுனா தெரிஞ்சுதா சார்?" என்பார். "இன்னும் இல்லம்மா" என்பேன். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் நடந்து போவார். தேனாம்பேட்டையில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, அங்கிருந்து நடந்து வந்து, நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

எட்டாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, வெளிநாட்டு அழைப்பு என்று டெலிபோன் அலறியது. கடல் இரைச்சல் போல ஓர் இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"அண்ணே, பினாங்குலேர்ந்து பேசறேன். கேக்குதா? ஆளு மாட்டிட்டான் அண்ணே."

"யாரு?"

"மொதலாளியேதான். வேலைக்காரன் பெட்டியக் கொண்டாந்து கடையில வெச்சான். அவன வெளிய அனுப்பிட்டு, பின்னால ரூம்ல ஒக்காந்து மொதலாளியே உருண்டைய ஒடைச்சான் லா. நாங்க கதவுக்கு இந்தப் பக்கம் நின்னோம். ஏழுமலை பேச்சு நெசம்னு இனிமே யாரும் சொல்லத் தேவையில்ல."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எங்க முதல் ரிப்போர்ட் அப்படி இருந்தும் எங்களை நம்பினீங்களே" என்றேன்.

"அண்ணே, பதினஞ்சு வருசமா காயிதம் பாக்கறேன். 'நாங்க சொன்னது தப்பு'ன்னு ஒரு ஆபீஸ்லேர்ந்து வந்து இப்பத்தான் பாக்கறேன். அத நம்பாம வேற எத நம்பறது?"

லைன் அறுந்தது. அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கடைசிவரை அவரை நான் பார்த்ததும் இல்லை. அதற்குப் பிறகு பல வருஷம், கேள்வி அவசரமென்றால் அவர் தந்தியடிப்பார், நான் தந்தியடிப்பேன். அதிகாரபூர்வமான கடிதம் பின்னால் ஆடி அசைந்து வரும். அதற்கு நாங்கள் இருவருமே மரியாதையாகப் பதில் எழுதுவோம். மெமோவும் வந்தது, மேலதிகாரிக்கு. அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சபாவுக்குக் கச்சேரி கேட்கப் போய்விட்டார்.

மாடிப்படி வீட்டுப் புளி வியாபாரியை அன்று சாயங்காலமே பிடித்தோம். ஏழுமலையை விடுவிக்கச் சில வாரங்கள் ஆயின. அடுத்த கப்பலில் அவருக்கு இடம் கிடைத்த செய்தி வந்ததும், கன்னியம்மாவுக்கு யாரையாவது விட்டுச் சொல்லியனுப்பியிருக்கலாம். நானே போனேன். கால்வாய்க் கரையில் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வரிசையில் நின்ற பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் அப்படியே திரும்பியிருக்கலாம்.

கால் நகரவில்லை. கடல் தாண்டி இருந்தவரிடம் 'தப்பு' என்று சொன்னது ஒரு தந்தி. அதிலும் மேலதிகாரி பெயர் இருந்தது. நடந்தே வந்து என் எதிரே நின்றவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அம்மா, ஒரு விஷயம். அன்னிக்கு வேற அதிகாரின்னு சொன்னேனே. அது நான்தான். தப்பான வீட்டுக்குப் போனது நான்தான்."

கன்னியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"அப்பளக்கார அம்மா சொன்னாங்களே. கண்ணாடி போட்டுகினு, மோரு நல்லாகீதுன்னு ரெண்டாவது டம்ளரு கேட்டு வாங்கிக் குட்ச்ச ஆபீசருன்னு. உன்னப் பாத்ததுமே தெரிஞ்சிகினேன்."

"அப்புறம் ஏன்மா அன்னிக்குக் கேக்கல?"

"கேட்டா இன்னா ஆவும்? நீ கோவிச்சிகினு வெளிய போன்னுவே. அந்த மில்லாண்ட போவ மாட்டே. உன்ன அவமானப்படுத்தவா வந்தேன் நானு? எனக்கு எங்க வூட்டுக்காரு வேணும்."

நான் என் பெயரைக் காப்பாற்றப் பொய் சொன்ன அதே நிமிஷத்தில், அவர் தன் கணவரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். இருவரில் யாருக்கு இந்த உத்தியோகம் கொடுத்திருக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

குழாயில் தண்ணீர் வந்தது. அவர் குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க ஆபீசுக்குப் புச்சா யாருனா வந்தா ஒண்ணு சொல்லு சார். ஒரு வூட்டுக்குப் போனா, பழைய நம்பரா புது நம்பரான்னு ஒரு வார்த்த கேக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன், கன்னியம்மா.